மறுமொழி: 'பாஸ்கிங்' – வெயில்காய்வா, கதிர்க்குளியலா?

நண்பர்களுக்கு வணக்கம்.

வண்ணத்துப்பூச்சி வெயிலில் உட்கார்ந்து உடம்பைச் சூடேற்றிக்கொள்வதை ஆங்கிலத்தில் 'பாஸ்கிங்' என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழை நன்றாகவே நீண்டுவிட்டது. இதுவரை வந்த பரிந்துரைகள் இவை: கதிர்க்குளியல், வெப்பேற்பு, குளிர்காய்தல், இளவெயிலமர்வு, வெயில்காய்தல். என் வாக்கு கடைசிச் சொல்லுக்குத்தான். ஆனால் அந்த ஒன்றோடு வேலை முடிந்துவிடாது. இளவேனிலில் வண்ணத்துப்பூச்சியைப் படம் எடுப்பவருக்கு அதற்குக் கீழே இன்னும் மூன்று சொற்கள் வேண்டும். அவை இல்லாமல் படக்குறிப்பு எழுதினால் பாதிச் செய்திதான் போய்ச் சேரும்.

முதலில், பெயர் எதற்கு வைக்கிறோம் என்பதைப் பார்த்துவிடுவோம். வண்ணத்துப்பூச்சியின் பறக்கும் தசைகள் மார்புப் பகுதியில் இருக்கின்றன. அங்கே சூடு ஏறத்தாழ 30 டிகிரி செல்சியசை எட்டினால்தான் பெரும்பாலான இனங்களால் ஒழுங்காகப் பறக்க முடியும். இளவேனில் காலையில் காற்று 12, 13 டிகிரியில் நிற்கும்போது மீதிச் சூட்டை வெயிலிடம்தான் வாங்க வேண்டும். அதற்காகத்தான் பூச்சி காற்றுப் படாத இடமாகப் பார்த்து, உயிர்வேலியின் வெயில் பக்கத்திலோ, ஒற்றையடிப் பாதையின் வெறும் மண்ணிலோ, கல்லின் மேலோ, விழுந்து கிடக்கும் மரத்திலோ வந்து உட்கார்கிறது. உட்கார்ந்த பிறகும் சும்மா இருப்பதில்லை. கால்களை மாற்றி மாற்றி வைத்து, உடம்பைத் திருப்பி, வெயில் விழும் கோணத்துக்கு இறக்கையைச் சரிசெய்துகொண்டே இருக்கும். சூடான மண்ணாக இருந்தால் உடம்பைத் தரையோடு ஒட்டி வைப்பதும் உண்டு.

கோடையில் இது சட்டென்று முடிந்துவிடும். இளவேனிலில் மேகம் வந்து வந்து போவதால் திரும்பத் திரும்ப நடக்கும். படம் எடுக்க இதைவிட நல்ல வேளை கிடையாது. பூச்சி இருந்த இடத்திலேயே இருக்கும், வெயில் தாழ்வாக வரும், நிறமும் நன்றாகத் தெரியும்.

இப்போது சொற்களுக்கு வருகிறேன்.

'இளவெயிலமர்வு' கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் 'அமர்வு' என்றதும் எனக்குக் கருத்தரங்கு ஞாபகம்தான் வருகிறது. தவிர, சூடேற்றிக்கொள்ளும் செய்கை அதில் தெரியவில்லை.

'கதிர்க்குளியல்' விடுமுறைக்குக் கடற்கரையில் படுத்திருப்பவருக்குப் பொருந்தும். உயிரியலில் 'குளியல்' என்ற சொல்லுக்கு வேறு வேலை இருக்கிறது. சிட்டுக்குருவி மண்ணில் புரள்வதை மண்குளியல் என்கிறோம். அது இறகைச் சுத்தப்படுத்தும் செய்கை. இரண்டையும் ஒரே தொட்டியில் போட வேண்டாம்.

'வெப்பேற்பு' இயற்பியலுக்குச் சரி. வெயிலில் கிடக்கும் இரும்புக் கம்பியும் வெப்பம் ஏற்கிறது. பூச்சியின் முனைப்பு அதில் விடுபட்டுப்போகிறது. 'வெப்பேற்பு என்றால் இறக்கையை நடுங்கவைத்துச் சூடேறுவதையும் சேர்த்துக்கொள்ளலாமே' என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். சேர்க்கக் கூடாது என்பதே என் கருத்து. ரெட் அட்மிரல் போன்ற வண்ணத்துப்பூச்சிகள் கிளம்புமுன் பறக்கும் தசையை இயக்கி இறக்கையை மெல்ல அதிரவைக்கும். அங்கே சூடு உள்ளிருந்து பிறக்கிறது. வெயிலிலிருந்து வாங்குவது வேறு. அதற்கு 'நடுங்கிச் சூடேறல்' என்று தனியாக வைத்துக்கொள்ளலாம். படத்தில் உடம்பு கூர்மையாகவும் இறக்கை விளிம்பு மட்டும் கலங்கியும் வந்திருந்தால், பல நேரம் காரணம் இந்த நடுக்கம்தான்.

'குளிர்காய்தல்' நம் வாயில் பழகிய சொல். ஆனால் அதைச் சொன்னால் அடுப்போ நெருப்போதான் கண்முன் வரும். 'அடுத்தவர் சண்டையில் குளிர்காய்கிறார்' என்று எழுதி எழுதிச் சொல்லில் கறை வேறு ஏறிவிட்டது. பூச்சியின் மேல் அந்தப் பழி எதற்கு?

ஆக, வெயில்காய்தல். முதலை வெயில் காய்கிறது, பூனை வெயில் காய்கிறது என்று ஏற்கெனவே சொல்கிறோம். யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. இழையில் வந்த நல்ல மறுப்பு ஒன்று உண்டு. அதை முழுதாகவே தருகிறேன்:

> காய்தல் என்றால் உலர்தல் என்றும் பொருள். கூட்டிலிருந்து புதிதாக வெளிவந்த பூச்சியின் இறக்கை காய்வதைப் பலர் படம் எடுக்கிறார்கள். 'வண்ணத்துப்பூச்சி காய்கிறது' என்று குறிப்பு இருந்தால் இரண்டில் எது?

நியாயமான கேள்வி. புதிதாக வெளிவந்த பூச்சி தலைமேலாகத் தொங்கிக்கொண்டு, உடல்நீரை இறக்கை நரம்புகளுக்குள் செலுத்தி, சுருங்கிக் கிடக்கும் இறக்கையை விரிக்கிறது. பிறகு இறக்கை உலர்ந்து விறைக்கிறது. அதற்கு வெயிலே தேவையில்லை, நிழலிலும் நடக்கும். அந்தக் கட்டத்தை 'இறக்கை உலர்தல்' என்று மட்டும் எழுதுவோம் என்று முடிவு செய்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது. மீதியை இலக்கணமே தீர்த்துவைக்கிறது. துணி வெயிலில் காய்கிறது. நாய் வெயில் காய்கிறது. அந்த 'இல்' இருக்கிறதா இல்லையா என்பதை வைத்தே தமிழ்க் காது பிரித்துக்கொள்ளும். அதனால்தான் இரண்டையும் சேர்த்து 'வெயில்காய்வு' என்று ஒரே சொல்லாக எழுதச் சொல்கிறேன். குறுந்தொகையில் 'ஞாயிறு காயும் வெவ்வறை' (ஞாயிறு சுடும் வெப்பமான பாறை) என்று வருவதைச் சுட்டிக்காட்டி, காய்வது ஞாயிறுதானே என்று கேட்டவருக்கு: ஆமாம், அங்கே எழுவாய் ஞாயிறு. இங்கே எழுவாய் பூச்சி. இரண்டுக்கும் தமிழில் இடம் இருக்கிறது.

(பெயர்ச்சொல்லாக்கும்போது 'வெயில்காய்ச்சல்' என்று ஒருவர் விளையாட்டாக எழுதியிருந்தார். சிரித்தேன். பூச்சிக்கு மாத்திரை கொடுக்க வேண்டிவரும்.)

சரி, உண்மையான சிக்கலுக்கு வருவோம். எல்லா வண்ணத்துப்பூச்சியும் ஒரே மாதிரி வெயில் காய்வதில்லை. எந்த மாதிரி என்பதைப் பொறுத்துத்தான் கேமராவை எங்கே வைப்பது என்பதும் இருக்கிறது.

பீகாக், ரெட் அட்மிரல், பெயின்டட் லேடி போன்றவை முதுகை வெயிலுக்குக் காட்டி இறக்கையை முழுக்க விரித்துவிடும். மேற்புறம் கிட்டத்தட்ட ஒரே தளத்தில் கிடப்பதால் லென்சின் முகத்தை அந்தத் தளத்துக்கு இணையாகப் பிடித்தால் லென்சின் துளை அளவு எஃப் 8-இலேயே முனைக்கு முனை தெளிவு கிடைக்கும். இதில் ஒரு வில்லங்கம் உண்டு. இறக்கை வெயிலைப் பார்த்துக்கொண்டிருப்பதால், அதற்கு நேராக நாம் வந்து நின்றால் நம் நிழல் அதன் மேல் விழும். நிழல் விழுந்தால் பூச்சி கிளம்பிவிடும். பக்கவாட்டில், தாழக் குனிந்து, மெதுவாக வருவதே நல்லது. இளவேனிலின் தொடக்கத்தில் கிடைக்கும் பீகாக்குகள் முதிர்ந்த பூச்சியாகவே பனிக்காலத்தைக் கழித்தவை. அதனால் இறக்கை கிழிந்தும் வெளுத்தும் இருப்பது வழக்கம். படத்தைத் தூக்கி எறிய வேண்டாம், அந்தக் கிழிசலும் குறிப்பில் எழுத வேண்டிய செய்திதான்.

பிரிம்ஸ்டோனும் கிரீன் ஹேர்ஸ்ட்ரீக்கும் நேரெதிர். உட்கார்ந்தால் இறக்கையை மூடியே வைத்திருக்கும். மூடிய இறக்கையின் ஒரு பக்கத்தில் வெயில் நேராக விழும்படி உடம்பையே சாய்த்துக்கொள்ளும். 'திறக்கும் திறக்கும் என்று காத்திருந்தேன்' என்று புதியவர்கள் எழுதுவது பெரும்பாலும் இவற்றைப் பற்றித்தான். திறக்காது. பக்கவாட்டில், பூச்சியின் மட்டத்துக்கு இறங்கி எடுக்க வேண்டும். இப்படிக் காயும் கோலியாஸ் என்ற மஞ்சள் பூச்சிகளைப் பற்றி உயிரியலாளர் வார்ட் வாட் 1968-இல் எழுதிய ஆய்வு இங்கே பொருத்தம். பின்னிறக்கையின் அடிப்புறத்தில் கருஞ்செதில்கள் கூடுதலாக உள்ள பூச்சிகள் வெயிலில் விரைவாகச் சூடேறுகின்றன என்று அவர் காட்டினார். ஆக, வெயிலுக்குக் காட்டும் பக்கம் எது என்பது நிறத்தின் காரணத்தோடும் சேர்ந்தது.

மூன்றாவது வகை, வெள்ளைப் பூச்சிகள். இவை இறக்கையைப் பாதி திறந்து, இரு உள்ளங்கைகளைச் சேர்த்து ஏந்தியதுபோல் பிடித்துக்கொள்ளும். ஏன் என்பதில்தான் விவாதம். வெள்ளை இறக்கை ஒளியை உடம்பின் மேல் திருப்பி அனுப்புகிறது என்று உயிரியலாளர் ஜோயல் கிங்சால்வர் 1985-இல் விளக்கினார். இன்னொரு உயிரியலாளர் பெர்ன்ட் ஹைன்ரிக் 1990-இல் அதைக் கேள்விக்கு உட்படுத்தினார். உடம்பைச் சுற்றியுள்ள சூடு காற்றில் பறிபோகாமல் இறக்கை காக்கிறது என்பது அவர் தரப்பு. பிறகு 2015-இல் எக்சீட்டர் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள், இறக்கையை ஏறத்தாழ 17 டிகிரி கோணத்தில் வைத்தால் தட்டையாக வைத்ததைவிட 7.3 டிகிரி செல்சியஸ் கூடுதலாகச் சூடேறுகிறது என்று அளந்து, இந்த அமைப்பைச் சூரிய மின்கலத்துக்குப் பயன்படுத்தலாம் என்றும் காட்டினார்கள்.

இந்த மூன்றுக்கும் 'முதுகுப்புற வெயில்காய்வு, பக்கவாட்டு வெயில்காய்வு, எதிரொளிப்பு வெயில்காய்வு' என்று ஒரு பட்டியல் வந்திருந்தது. ஆய்வேட்டுக்கு ஆகும். படத்துக்குக் கீழே ஒட்ட முடியாது. நீளத்தைவிட எனக்கு உறுத்துவது 'எதிரொளிப்பு'. அது கண்ணுக்குத் தெரிவதைச் சொல்லவில்லை, அதற்கான விளக்கத்தைச் சொல்கிறது. களத்தில் நிற்பவருக்குத் தெரிவது பாதி திறந்த இறக்கை. ஒளி திரும்புகிறதா, காற்று தடுக்கப்படுகிறதா என்பது அவருக்குத் தெரியாது. அடுத்த ஆய்வில் விளக்கம் மாறினால் நம் சொல்லும் பொய்யாகிவிடும். கலைச்சொல்லைக் காட்சியின் மேல் கட்டினால் அந்தத் தொல்லை இல்லை.

ஆகவே என் பரிந்துரை: விரிகாய்வு, சாய்காய்வு, ஏந்துகாய்வு.

மூன்றும் வினைத்தொகையாக இயல்பாக நிற்கின்றன. வினையாகவும் புழங்கும்: 'விரிந்து காய்கிறது', 'சாய்ந்து காய்கிறது', 'ஏந்திக் காய்கிறது'. எந்த வகுப்பில் படிக்கும் பிள்ளையும் படத்தைப் பார்த்துக்கொண்டே புரிந்துகொள்ளும்.

சாய்காய்வுக்குப் பதில் 'மூடுகாய்வு' போதுமே என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். யோசித்தேன், ஒப்ப முடியவில்லை. மேகம் வந்ததும் ஆரஞ்சு டிப் என்ற வண்ணத்துப்பூச்சி இறக்கையை மூடிப் பூங்கொத்தில் ஒடுங்கிவிடும். அடிப்புறத்தில் மஞ்சளும் கறுப்புமான செதில்கள் கலந்து பாசிப் பச்சையாகத் தெரிவதால் பூச்சி இருக்கும் இடமே தெரியாது. இறக்கை மூடித்தான் இருக்கிறது, ஆனால் அது காயவில்லை, அடைந்திருக்கிறது. பறவை அடைவதற்குச் சொல்லும் அதே 'அடைதல்' இங்கேயும் சரியாக உட்காருகிறது. மூடியிருப்பது இரண்டுக்கும் பொது. வெயிலை நோக்கிய சாய்வுதான் காய்தலுக்கு அடையாளம். பெயர் அதைத்தான் பிடிக்க வேண்டும்.

ஏந்துகாய்வைப் படம் எடுப்பதுதான் மூன்றிலும் கடினம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு இறக்கையும் இரண்டு தளத்தில் இருப்பதால் லென்சை எதற்கும் இணையாக வைக்க முடியாது. எஃப் 11-க்குப் போனாலும் ஏதாவது ஒன்று மங்கும். முகத்துக்கு நேராகச் சற்று மேலிருந்து, கண்ணிலும் உணர்கொம்பின் அடியிலும் ஃபோகஸ் வைத்துவிட்டு, இறக்கை முனைகளை விட்டுக்கொடுப்பதே என் வழக்கம். குறிப்பில் 'ஏந்துகாய்வு' என்று இருந்தால் முனை ஏன் மங்கியிருக்கிறது என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

இன்னொரு சொல்லும் கூடவே வேண்டியிருக்கிறது. சூடு போதும் என்றானதும் பூச்சி என்ன செய்கிறது? இறக்கையை மூடி, விளிம்பை வெயிலுக்குக் காட்டி, கோடு போல நின்றுவிடும், அல்லது நிழலுக்குப் போய்விடும். இறக்கை உணர்வில்லாத தகடு அல்ல என்பதும், அதில் சூட்டை உணரும் உறுப்புகள் உண்டு என்பதும், இறக்கை மிகச் சூடானால் பூச்சி திரும்பிக்கொள்கிறது என்பதும் 2020-இல் கொலம்பியா, ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில் தெளிவானது. மழைக்கு ஒதுங்குகிறோம், வெயிலுக்கு ஒதுங்குகிறோம். பூச்சிக்கும் 'வெயிலொதுக்கம்' என்றே வைத்துவிடலாமே. யாருக்கும் மறுப்பு இருக்காது என்று நினைக்கிறேன்.

படக்குறிப்பு இப்படி வரும்: 'பீகாக். விரிகாய்வு. உயிர்வேலி ஓரம், வெறும் மண். காலை, மேகமூட்டத்துக்கு இடையே.' போதும்.

முடிவாகாமல் நிற்பது ஸ்கிப்பர்கள் என்ற வண்ணத்துப்பூச்சிக் குடும்பம். டிங்கி ஸ்கிப்பர் இறக்கையைத் தட்டையாக விரித்துவிடும், அது விரிகாய்வு, சந்தேகமே இல்லை. ஆனால் இளவேனில் முடியும் நேரத்தில் வரும் புல்வெளி ஸ்கிப்பர்கள் பின்னிறக்கையைத் தட்டையாக விரித்து, முன்னிறக்கையை மட்டும் மேலே தூக்கி வைத்துக் காய்கின்றன. பின்னிறக்கையைப் பார்த்தால் விரிகாய்வு, முன்னிறக்கையைப் பார்த்தால் ஏந்துகாய்வு. நான்காவது சொல் ஒன்றை உருவாக்க எனக்கு மனமில்லை. முன்னிறக்கையைக் கணக்கில் எடுத்து ஏந்துகாய்வு என்றே எழுதிவிடலாம் என்று தோன்றுகிறது. ஆனால் அவற்றை அருகிலிருந்து எடுத்த நண்பர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். பக்கவாட்டுப் படம் இருந்தால் இழையில் போடுங்கள், பார்த்துவிட்டு முடிவு செய்வோம்.