புதுப்பிப்பு: டீ பேக்டரி டிரான்ஸ்பார்மர், எல்.டி. கேபிள்

போன பதிவின் விஷயம் இதுதான்: ஊட்டிப் பக்கம் நான் பார்க்கும் டீ பேக்டரியில் 250 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மர். அங்கிருந்து மெயின் போர்டு வரை தேயிலைக்குள் நீளமாக எல்.டி. (குறைந்த வோல்ட், 433 வோல்ட் பக்கம்) கேபிள் போகிறது, இடையில் பிரேக்கர் கிடையாது. கேபிளைக் காப்பாற்ற எச்.டி. (உயர் வோல்ட், 11 கே.வி. பக்கம்) பியூஸே போதாதா என்று முதலாளி கேட்டார்.

போதாது. முழு லோடில் 11 கே.வி. பக்கம் 13 ஆம்பியர், 433 வோல்ட் பக்கம் 333. டிரான்ஸ்பார்மர் டெல்டா-ஸ்டார், அதாவது எச்.டி. சுருள்கள் முக்கோணமாகவும் எல்.டி. சுருள்கள் நட்சத்திரமாகவும் இணைந்தவை. எல்.டி.யில் ஒரு பேஸ் மட்டும் நியூட்ரலில் தொட்டால், அதே கரண்ட் மூன்று பேஸிலும் ஓடும்போது எச்.டி.யில் தெரிவதில் 58 சதவீதம்தான் தெரியும். டிரான்ஸ்பார்மரை சார்ஜ் செய்யும்போது (சப்ளை கொடுக்கும் நொடியில்) இழுக்கும் கரண்டுக்காகப் பியூஸையும் பெரிதாகத்தான் போட்டிருப்பார்கள். பியூஸ் சும்மா இருக்க, கேபிள் வெந்துவிடும்.

அமெரிக்காவின் என்.இ.சி. (மின் வயரிங் விதித் தொகுப்பு) பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதிலும் டெல்டா-ஸ்டாரில் பிரைமரி (எச்.டி.) பியூஸை செகண்டரி (எல்.டி.) ஒயருக்குப் பாதுகாப்பாகக் கணக்கில் எடுப்பதில்லை. 240.21(சி) பிரிவில் பிரேக்கரோ பியூஸோ வரும்வரை செகண்டரி ஒயர் போகக்கூடிய நீளத்துக்கு 10 அடி, 25 அடி என்று நிபந்தனைகளோடு வரம்பு உண்டு. நமக்கு அது சட்டமில்லை, ஆனாலும் காரணம் இங்கேயும் அதேதான்.

இப்போது டிரான்ஸ்பார்மரை ஒட்டியே 400 ஆம்பியர் எம்.சி.சி.பி. (பெட்டி போன்ற பிரேக்கர்) மாட்டியாச்சு. ஓவர்லோடு செட்டிங் கேபிள் தாங்கும் அளவுக்குள். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். பல பிரேக்கர்களுக்கு 2,000 மீட்டருக்கு மேல் திறனைக் குறைத்தே எடுக்க வேண்டும், கேட்டலாக்கைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். அப்புறம், பிரீதரில் (டிரான்ஸ்பார்மருக்குள் போகும் காற்றின் ஈரத்தை எடுக்கும் குப்பி) சிலிக்கா ஜெல் நீலம் போய் முழுக்க இளஞ்சிவப்பாகக் கிடந்தது. இந்த மூடுபனியில் அதை விடவே கூடாது, மாற்றிவிட்டோம்.

அடுத்து எர்த் பிட் (தரையிணைப்புக் குழி) ரெசிஸ்டன்ஸ் அளக்கணும். அளந்ததும் இங்கேயே போடுகிறேன்.