மறு: காரில் வரும் ‘எர்த்’துக்குத் தமிழ்ச்சொல்: உடல்தொடுப்பு?

அன்புள்ள குழுமத்தாருக்கு வணக்கம். காரில் ‘எர்த்’ என்பதற்கு ‘உடல்தொடுப்பு’ என்று நான் முன்வைத்த சொல்லுக்கு வந்த கேள்விகளுக்குப் பதில் இது. ‘உடல்’ என்று நான் சொல்வது வண்டியின் உலோகத் தகட்டு உடலை.

> பாடநூலில் ‘புவித்தொடுப்பு’ இருக்கிறதே, அதையே காருக்கும் வைத்துக்கொள்ளலாம். புதிதாக ஒன்று எதற்கு?

ஐயா, வீட்டு ஒயரிங்குக்கு அந்தச் சொல் சரி. அங்கே கம்பி மண்ணுக்குள் போகிறது. ஷாக் அடிக்காமல் காப்பது அதன் வேலை. கோளாறு இல்லாதவரை அதில் மின்னோட்டம் ஓடாது. கார் நிற்பதோ ரப்பர் டயர் மேல். பட்டறையில் ‘எர்த்’ என்பது பேட்டரியின் ஒரு முனையோடு பூட்டிய வண்டித் தகட்டைத்தான். விளக்குக்குப் போன மின்னோட்டம் முழுக்க அந்தத் தகடு வழியாகவே பேட்டரிக்குத் திரும்புகிறது. அதாவது சுற்றில் பாதி அது. அதைப் போய்ப் புவித்தொடுப்பு என்று எழுதினால், படிக்கிற பையன் ‘பாதுகாப்புக்காக வைத்தது’ என்று நினைத்து, கோளாறு தேடும்போது கடைசியில்தான் அங்கே வருவான். பழைய வண்டியில் முதலில் பார்க்க வேண்டிய இடமே அதுதான்.

பிரேக்கை மிதித்தால் முன்னால் பார்க் லைட் மங்கலாக எரிகிறது. அம்பாசடர், பத்மினி வைத்திருப்பவர்கள் பலர் பார்த்திருப்பார்கள். உடனே சுவிட்சை மாற்றுவார்கள், ஃப்யூஸை மாற்றுவார்கள். காரணம் பின்விளக்கில் இருக்கும். 21 வாட் பிரேக் இழையும் 5 வாட் பார்க் இழையும் ஒரே பல்புக்குள் இருப்பவை. இரண்டுக்கும் திரும்பும் வழி ஒன்றே. விளக்குக் கூட்டின் திருகு துருவேறி, தகட்டோடு தொடர்பு விட்டுப்போனால், பிரேக் இழைக்கு வந்த மின்னோட்டம் பக்கத்து இழைக்குள் புகுந்து, பார்க் லைட் ஒயரில் பின்னோக்கி ஓடி, முன்விளக்கு வழியாகத் தகட்டைப் பிடிக்கும். திருகைக் கழற்றி, அடியில் உள்ள பெயின்ட்டையும் துருவையும் உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கிப் பூட்டினால் போதும்.

எஞ்சின் விஷயம் இன்னும் மோசம். எஞ்சின் ரப்பர் மவுண்ட்டில் உட்கார்ந்திருப்பதால், அதையும் உடலையும் இணைக்கப் பின்னல் பட்டை ஒன்று உண்டு. அது அறுந்தால், எஞ்சினைக் கிளப்பும் செல்ஃப் மோட்டாரின் மின்னோட்டம் சோக் கேபிள் வழியாகக்கூடப் போகும். கேபிள் சூடாகிப் புகைகிறதென்றால் பட்டையைப் பாருங்கள்.

> ‘எதிர்முனை இணைப்பு’ என்றால் எல்லோருக்கும் புரியுமே?

இன்றைய வண்டியில் உடலோடு இணைவது எதிர்முனை, அதனால் புரியும்; பழையதற்குத் தப்பாகப் புரியும். 1971 வரை இங்கிலாந்தில் வந்த மோரிஸ் மைனரில் உடலோடு இணைந்தது நேர்முனை. இலங்கை நண்பர்களுக்கு இந்த வண்டியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அக்காலப் பிரித்தானிய ஒயரிங்கில் கறுப்பு ஒயர் உடலுக்குப் போவது, எதிர்முனைக்கு அல்ல.  இதெல்லாம் தெரியாமல் அதில் இன்றைய ரேடியோவைப் பொருத்தினால் ரேடியோ போச்சு. ‘நேர் உடல்தொடுப்பு’, ‘எதிர் உடல்தொடுப்பு’ என்று இரண்டையும் பிரித்துச் சொல்ல இடம் தருகிற சொல் நமக்கு வேண்டும்.

> ‘சட்டகத் தொடுப்பு’?

நல்ல சொல்தான். சென்னையில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கு அழகாகப் பொருந்தும், அதற்குத் தனிச் சட்டகம் (சேசிஸ்) உண்டு. அம்பாசடருக்கும் மைனருக்கும் அப்படிக் கிடையாது, உடலே சட்டகம். பட்டறையில் ‘பாடி எர்த்’ என்று ஏற்கெனவே சொல்கிறார்கள். நாம் அதன் பின்னால் போனால் போதும்.

‘உடற்றொடுப்பு’ என்று புணர்த்த வேண்டும் என்று குழுமத்து அம்மா ஒருவர் சொன்ன திருத்தம் இலக்கணப்படி சரி, மறுக்கவில்லை. ஆனால் கிரீஸ் படிந்த கையோடு கைப்பேசியில் வாசிப்பவர் அதைப் பிரித்துப் புரிந்துகொள்ளச் சிரமப்படுவார். ‘உடல்தொடுப்பு’ என்றே விட்டுவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொரு சொல்லும் கூடவே தேவைப்படுகிறது. உடல்தொடுப்பு சரியா என்று ஓம் அளவையில் பார்ப்பது வீண். 150 ஆம்பியர் ஓடும் செல்ஃப் சுற்றில் ஓர் ஓமில் நூறில் ஒரு பங்கு தடை இருந்தாலே ஒன்றரை வோல்ட் போய்விடும். அவ்வளவு சிறிய தடையைச் சாதாரண மல்டிமீட்டர் காட்டாது. சுற்று ஓடும்போதே வோல்ட்டை அளக்க வேண்டும். விளக்கைப் போட்டு, மீட்டரின் ஒரு முனையை உடலோடு இணைந்த பேட்டரி முனையின் ஈயத் தண்டிலேயே வையுங்கள், மேலுள்ள கிளாம்பில் அல்ல. மற்றதைப் பல்பு ஹோல்டரின் உலோகத்தில் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் கவலையில்லை. 2, 3 என்று காட்டினால் இடையில் ஏதோ ஒரு பூட்டு கெட்டிருக்கிறது. ஒவ்வொன்றாகத் தாண்டி அளந்தால் எண் எங்கே குதிக்கிறதோ அதுதான் இடம். இந்த எண்ணுக்கு ‘மின்னழுத்த இழப்பு’ என்று வைத்திருக்கிறேன். ‘வீழ்ச்சி’ என்றால் பேட்டரி இறங்கிப்போனதாகப் படிப்பவர் எடுத்துக்கொள்வார்.

அம்பாசடர் ஒயரிங் கையேட்டில் இந்த இரண்டு சொல்லையும் போட்டுத்தான் அடுத்த அத்தியாயம் எழுதுகிறேன். ‘தொடுப்பு’ என்ற பகுதியிலேயே யாருக்காவது மறுப்பு இருந்தால், படங்களில் பெயர் எழுதுவதற்கு முன் சொல்லிவிடுங்கள்.