காலியாகக் கிடந்த லொக் ஃபைல்

பைத்தான் நிரல் ஓடும்போது நடப்பதை எழுதிக் காட்ட, பிரிண்ட் கட்டளையை விட்டு அதற்கென்றே உள்ள லொகிங் மொடியூலுக்கு ஏன் மாறினேன் என்று கேட்டால், எனக்கு ஒரு காலி ஃபைல்தான் நினைவுக்கு வரும்.

கொழும்பு புறக்கோட்டையில் மொத்த வியாபாரம் செய்யும் ஒருவருக்குப் பைத்தானில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுத்திருந்தேன். இரவு 2 மணிக்கு ஓடும். அன்றைய பில்களை வாசித்துச் சரக்கு இருப்பைக் கணக்கிடும். உள்ளே "இங்கே வந்தது", "பில் வாசித்தாயிற்று" என்று முப்பது நாற்பது பிரிண்ட். எல்லாம் ஒரு ஃபைலுக்குப் போகும். அதுவே போதும் என்று நம்பியிருந்தேன்.

ஒரு நாள் காலை ஆறு மணிக்கு வெள்ளவத்தையில் வீட்டுக்குப் போன் வந்தது. "தம்பி, நேற்றைய பில் ஒண்டும் ஏறேல்லை. வெங்காய லொறி வாசல்ல நிக்குது."

ஃபைலைத் திறந்தேன். ஒரு எழுத்துக்கூட இல்லை. சரி, ஸ்கிரிப்ட் தொடங்கவே இல்லை என்று முடிவுகட்டி, குறித்த நேரத்தில் அதை ஓடவிடும் கிரொனைக் குடைந்துகொண்டு இரண்டு மணி நேரத்தைத் தொலைத்தேன். உண்மையில் அது தொடங்கி, பாதி வேலையும் முடித்திருந்தது. மெமரி போதாமல் லினக்ஸ் அதை நடுவில் கொன்றிருக்கிறது.

பிரிண்ட் திரையில் வரிக்கு வரி தெரியும். ஃபைலுக்குத் திருப்பினால் அப்படியில்லை: பைத்தான் வரிகளைச் சேர்த்து வைத்து, சில கிலோபைட் நிறைந்த பிறகே எழுதும். என் நாற்பது வரி அந்த அளவை எட்டவே இல்லை. வலுக்கட்டாயமாகக் கொல்லப்பட்டபோது சேர்த்து வைத்ததும் கூடவே போய்விட்டது. லொகிங் மொடியூலில் பதிவுகளை ஃபைலுக்கு அனுப்பும் ஹான்ட்லர் ஒவ்வொரு பதிவையும் உடனே வெளியே தள்ளிவிடும். இது தெரிந்த அன்றே மாற்றத் தொடங்கினேன்.

லொகிங்கில் ஒவ்வொரு பதிவுக்கும் இன்ஃபோ, வார்னிங், எரர் என்று ஒரு முக்கியத்துவ அளவு உண்டு. முதலில் இன்ஃபோ பதிவு எதுவும் வரவில்லை. ஒன்றும் அமைக்காவிட்டால் வார்னிங்கும் அதற்கு மேலும்தான் வெளியே வரும். அளவை நாமே இறக்கிவிட வேண்டும். அப்புறம் நேரம். இரவு 2 மணிக்கு ஓடியது முதல் நாள் 20:30 என்று விழுந்தது. சேர்வர் யூரிசி என்ற உலகப் பொது நேரத்தில் இருந்தது; நாம் ஐந்தரை மணி நேரம் முன்னால். கொழும்பு நேரத்துக்கு மாற்றினேன். கடைக்காரருடன் போனில் கதைக்கும்போது மனதில் கழித்துக் கூட்டிக்கொண்டிருக்க முடியாது.

லொகிங்கில் எனக்கு மிகவும் பிடித்தது எக்செப்ஷன் என்ற அந்த ஒரு அழைப்பு. முன்பு, பிழையைப் பிடிக்கும் எக்செப்ட் பகுதிக்குள் "பிழை" என்று மட்டும் பிரிண்ட் செய்வேன். இப்போது எந்த வரியில், எந்த அழைப்பு வழியாக உடைந்தது என்று முழுத் தடமும் பதிவாகிறது. பில் இலக்கத்தையும் சேர்த்து எழுதுகிறேன். தயவுசெய்து அதை விடாதீர்கள்; இலக்கம் இல்லாத பிழைச் செய்தியை வைத்து எதையும் தேட முடியாது.

சில வாரம் கழித்து மறுபடியும் நின்றது. ஃபைலின் கடைசி வரிகளில் இருந்தது: "02:04:17 எரர் பில் 4417: அளவு காலி". அதன் கீழே தடம். அந்தப் பில்லில் யாரோ மூட்டைக் கணக்கை எழுதாமல் விட்டிருந்தார்கள். இம்முறை நான்தான் கடைக்குப் போன் எடுத்தேன். லொறி வருமுன் கணக்கு ஏறிவிட்டது.