புதுப்பிப்பு: உரையாசிரியருக்கு எந்தப் பங்குக் குறியீடு? (தீர்ந்தது)

சேலத்தில் எங்கள் நூலகத்துச் சங்க இலக்கியப் பதிப்புகளில் பதிப்பாசிரியர், உரையாசிரியர், தொகுப்பாசிரியர் மூவரையும் மார்க் பதிவில் (நூல் விவரங்களைக் கணினியில் எழுதும் நூலகப் பட்டியல் வடிவம்), அவரவர் பங்கைச் சொல்லும் மூன்றெழுத்துக் குறியீடுகளால், எப்படிப் பிரித்துக் காட்டுவது என்று கேட்டிருந்தேன். வழி சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது, உரையாசிரியருக்கு 'டபிள்யூஏசி' போடச் சொன்ன யோசனைதான். நாங்கள் போட்டிருந்த 'சிஎம்எம்' ஒலி, ஒளிப் பதிவுகளில் பேசி விளக்குபவருக்கானது. அச்சிட்ட உரைக்குப் பொருந்தாது.

குறுந்தொகையின் 1937 பதிப்பைப் பாருங்கள். பதிப்பு, உரை இரண்டும் உ.வே. சாமிநாதையர். பங்களித்தவர் பெயர் வரும் 700-ஆம் புலத்தில் அவர் பெயர் ஒருமுறை வந்தால் போதும். பங்கைச் சொல்லாக எழுதும் ஈ துணைப்புலத்தை இரண்டு முறை போட்டு 'பதிப்பாசிரியர்', 'உரையாசிரியர்' என்று தமிழிலேயே எழுதினோம், அது வாசகருக்கு. அதன்பின் குறியீட்டுக்கான 4-ஆம் துணைப்புலமும் இரண்டு முறை: 'ஈடிடி', 'டபிள்யூஏசி'. பெயருக்காக இன்னொரு 700 திறந்தால் ஒரே ஆள் இரண்டு பேராகத் தெரிவார்.

எதிர்பாராமல் கண்ணில் பட்டது இன்னொரு பிழை. குறுந்தொகையைத் தொகுத்தவர் எனச் சொல்லப்படும் பூரிக்கோவுக்கு 'சிஎம்பி' விழுந்திருந்தது. அது இசையமைப்பாளருக்கான குறியீடு, தொகுப்பாசிரியருக்கு 'சிஓஎம்'. கோஹா என்னும் நூலக மென்பொருளில் 'சிஎம்பி'யை மொத்தமாக மாற்றும் முன் சுரக்குறிப்புடன் வந்த கீர்த்தனை நூல்களைத் தனியே ஒதுக்கிவிடுங்கள். அவற்றில் 'சிஎம்பி' சரியாகவே இருக்கும்.