மிதவாதிகள் சட்டசபையில் என்னதான் சாதித்தார்கள்?

ராத்திரிப்படிப்பு:
குரூப் 1 மெயின்ஸுக்குப் படிக்கிறேன். காங்கிரஸ் மிதவாதிகள் என்றாலே எல்லா கைடிலும் மனு, வேண்டுகோள், தீர்மானம், அவ்வளவுதான். 1907-ல் சூரத்தில் காங்கிரஸ் மிதவாதி, தீவிரவாதி என்று பிளந்ததோடு அவர்கள் கதையை மூடிவிடுகிறார்கள். அவர்களுடைய சட்டமன்றப் பணியைப் பற்றிக் கேட்டால் உருப்படியாக எழுத ஏதாவது இருக்கிறதா?

பழைய வாத்தியார்:
இருக்கிறது தம்பி. ஆனால் அந்தச் சபையின் லட்சணத்தை முதலில் எழுதிவிடுங்கள். 1892 சட்டப்படி பட்ஜெட் மீது பேசலாம், கேள்வி கேட்கலாம், ஓட்டுப் போட முடியாது. 1909-க்கு அப்புறம் தீர்மானம் கொண்டுவரலாம், ஆனால் வைசிராய் சபையில் அதிகாரிகள்தான் பெரும்பான்மை. அரசு தலையாட்டாமல் எதுவும் நிறைவேறாது.

அந்தச் சபையில்தான் மிதவாதத் தலைவர் கோகலே 1910 பிப்ரவரி 25 அன்று, தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளை அனுப்பக் கூடாது என்று தீர்மானம் கொண்டுவந்தார். அரசு ஏற்றுக்கொண்டது. 1911 ஜூலை 1 முதல் ஆள் அனுப்புவது நின்றது. 1860-ல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் ஆரம்பித்த ஏற்றுமதி அது. மொத்தம் ஒன்றரை லட்சம் பேர், பெரும்பகுதி நம் சென்னை மாகாணத்து ஜனங்கள். நம் பிள்ளைகள் தென்னாப்பிரிக்கா என்றதும் காந்தியை மட்டும் எழுதிவிட்டு எழுந்து போகிறார்கள், எனக்கு அதில் பெரிய வருத்தம்.

செக்கடித்தெரு:
உப்பு வரிக் குறைப்பையும் இவர்கள் கணக்கில்தான் சேர்ப்பீர்கள். சுமார் 37 கிலோ உப்புக்கு இரண்டரை ரூபாயாக இருந்தது 1903-ல் இரண்டு, 1905-ல் ஒன்றரை, 1907-ல் ஒன்று என்று குறைந்தது. கஜானாவில் உபரி கிடந்தது, குறைத்தார்கள். இதற்குக் கோகலேவுக்கு மாலை எதற்கு? வ.உ.சி. ஜெயிலில் செக்கிழுத்த காலத்தில் இவர்கள் கோட்டு மாட்டிக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார்கள்.

பழைய வாத்தியார்:
உபரி கிடந்தது சரி. ஜனங்களிடம் தேவைக்கு மேல் பிடுங்கியதால்தான் அந்த உபரி வந்தது என்பதே 1902 பட்ஜெட் பேச்சில் அவருடைய வாதம். அரசின் கணக்கை எடுத்தே அரசை மடக்கினார். குறைப்புக்கு அவர் மட்டுமே காரணம் என்று நான் சொல்லவில்லை, மாலையும் கேட்கவில்லை. வ.உ.சி.யை இதில் இழுக்காதீர்கள், அவர் எனக்கும் தெய்வம்தான்.

ராத்திரிப்படிப்பு:
ஐயா, தொடக்கக் கல்வி மசோதா? அது தோற்றதுதானே, சாதனையில் சேருமா?

பழைய வாத்தியார்:
தோற்றது. 1911 மார்ச்சில் கொண்டுவந்தார், 1912 மார்ச் 19 அன்று 38-க்கு 13 என்று தள்ளிவிட்டார்கள். இத்தனைக்கும் அதில் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. ஆறிலிருந்து பத்து வயது வரை பையன்களுக்குக் கட்டாயக் கல்வி. அதுவும் எல்லா ஊரிலும் இல்லை, ஏற்கெனவே ஓரளவு பிள்ளைகள் பள்ளிக்குப் போகிற இடத்தில், உள்ளாட்சி விரும்பினால் மட்டும். மாதம் பத்து ரூபாய்க்குக் கீழே சம்பாதிக்கிறவர் வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கிடையாது. இவ்வளவு இறங்கி வந்தும் ஒப்பவில்லை. சென்னையில் தொடக்கக் கல்விச் சட்டம் 1920-ல்தான் வந்தது, கோகலே 1915-லேயே போய்விட்டார்.

விடையில் நேட்டாலை முதலில் வையுங்கள், உப்பு இரண்டு வரி போதும். மசோதாவுக்குத் தனிப் பத்தி, 38–13 என்ற ஓட்டுக் கணக்கோடு. அதைச் சாதனை என்று மட்டும் எழுதாதீர்கள், திருத்துகிறவர் பிடித்துக்கொள்வார்.