ப்ரெல்லரின் கணக்கு: வந்ததை எண்ணுவதா, போனதை எண்ணுவதா?

கணக்குப்பிள்ளை:
ஏ.ஜே. ப்ரெல்லர் சான் டியாகோ பாட்ரேஸ் பேஸ்பால் அணியின் ஜெனரல் மேனேஜராக (வீரர்களை வாங்குவதும் விற்பதும் அவர் பொறுப்பு) 2014 ஆகஸ்டில் வந்தார். 2015 முதல் 2025 வரை 11 சீசன். பிளேஆஃப் 4 முறை (2020, 2022, 2024, 2025), வேர்ல்டு சீரிஸ் (கோப்பைக்கான இறுதித் தொடர்) ஒருமுறைகூட இல்லை. அவரைப் பாராட்டுபவர்கள் வந்து சேர்ந்த நட்சத்திரங்களை மட்டும் எண்ணுகிறார்கள். வெளியே போனவர்களை யாரும் எண்ணுவதில்லை.

நான் கணக்குப் போடும் முறை இது. ஒரு வீரர் மேஜர் லீகில் கால் வைத்த நாளிலிருந்து 6 ஆண்டு சேவை முடியும்வரை அணியின் கட்டுப்பாட்டில் இருக்கிறார். முதல் 3 ஆண்டு ஏறக்குறைய குறைந்தபட்சச் சம்பளம்தான் (2025-இல் 7,60,000 டாலர்). அடுத்த 3 ஆண்டு ஆர்பிட்ரேஷன் (உடன்பாடு வராவிட்டால் நடுவர் சம்பளத்தைத் தீர்மானிக்கும் முறை), சந்தை விலையை விடக் குறைவு. ஆகவே ஒவ்வொரு டிரேடுக்கும் (அணிகளுக்கிடையே வீரர் பரிமாற்றம்) இரண்டு பத்தி வரைய வேண்டும்: வந்தவருக்கு எத்தனை ஆண்டு மிச்சம், அதில் வார் எவ்வளவு (அதாவது, கையில் எளிதாகக் கிடைக்கும் மாற்று வீரரை விட எத்தனை வெற்றி கூடுதல்), அதற்கு எவ்வளவு சம்பளம். போனவருக்கும் அதையே எழுத வேண்டும்.

இப்போது 2014 டிசம்பரைப் பாருங்கள். வில் மையர்ஸுக்காக ட்ரே டர்னரும் ஜோ ராஸும் போனார்கள். மேட் கெம்ப்புக்காக யாஸ்மனி க்ராண்டாலும் ஜாக் எஃப்லினும். ஜஸ்டின் அப்டனின் ஒரே ஒரு ஆண்டுக்காக மேக்ஸ் ஃப்ரீட். 2015 ஏப்ரலில் கிரெய்க் கிம்ப்ரலுக்காக அட்லாண்டா பிரேவ்ஸுக்குப் போனவற்றில் 41-ஆம் டிராஃப்ட் இடமும் ஒன்று (டிராஃப்ட் என்பது அணிகள் முறைவைத்துப் புது வீரர்களைத் தேர்ந்தெடுப்பது). அந்த இடத்தில் பிரேவ்ஸ் எடுத்தது ஆஸ்டின் ரைலி. இத்தனைக்கும் 2015-இல் கிடைத்தது 74 வெற்றி.

மேல்வரிசை_இருக்கை:
சார், இரண்டு பத்தி முறையில் ஒரு ஓட்டை இருக்கிறது. டிரேடு அந்த இரவோடு முடிவதில்லை, வந்த சொத்து மறுபடி விற்கப்படுகிறது. நீங்கள் சொன்ன அப்டனையே எடுப்போம். 2015 முடிந்ததும் அவரும் இயன் கென்னடியும் குவாலிஃபையிங் ஆஃபரை (ஒப்பந்தம் முடிந்தவருக்குப் பழைய அணி நீட்டும் ஓராண்டு ஒப்பந்தம்) மறுத்துவிட்டுப் போனார்கள். ஈடாக 2016 டிராஃப்டில் 24, 25 ஆகிய இரண்டு இடம் கிடைத்தது. 25-இல் எடுத்தது எரிக் லாவர். 2019 நவம்பரில் லாவரும் லூயிஸ் யூரியாஸும் மில்வாக்கி போக, ஜாக் டேவிஸும் ட்ரென்ட் கிரிஷமும் வந்தார்கள். டேவிஸ் 2020 டிசம்பரில் யூ டார்விஷ் டிரேடில் கப்ஸுக்குப் போனார். கிரிஷம் 2023 டிசம்பரில் ஹுவான் சோட்டோவோடு யாங்கீஸுக்குப் போனார், அதில் வந்தவர் மைக்கேல் கிங். 2024-இல் கிங்கின் ஈ.ஆர்.ஏ. (9 இன்னிங்ஸுக்குச் சராசரியாக விட்டுக்கொடுத்த ரன், குறைந்தால் நல்லது) 2.95. உங்கள் பத்தியில் இதெல்லாம் எங்கே வருகிறது?

ஜேம்ஸ் ஷீல்ட்ஸ் ஒப்பந்தத்தை (4 ஆண்டு, 7.5 கோடி டாலர்) எல்லோரும் தோல்வி என்றுதான் எழுதினார்கள். 2016 ஜூனில் அதே ஷீல்ட்ஸை ஒயிட் சாக்ஸுக்குக் கொடுத்துத்தான் ஃபெர்னாண்டோ டாட்டிஸ் ஜூனியரை வாங்கினார். அப்போது அவர் 17 வயசுப் பையன், மைனர் லீகில் ஒரு ஆட்டம்கூட ஆடாதவர்.

வலதுகளம்:
சங்கிலியைப் பின்தொடர்வது சரி. ஆனால் சங்கிலி கட்டுபவர்கள் வழக்கமாக ஒரு தப்பு செய்கிறார்கள், கடைசிக் கண்ணியின் மொத்த மதிப்பையும் முதல் கண்ணிக்குத் தூக்கிக் கொடுத்துவிடுகிறார்கள். டார்விஷுக்குப் போனது டேவிஸ் மட்டும் இல்லை. ரெஜினால்ட் ப்ரெசியாடோ, ஓவன் கெய்ஸி, இஸ்மாயில் மேனா, யேசன் சந்தானா என்று நாலு இளம் வீரர்களும் போனார்கள், அந்தப் பக்கமிருந்து விக்டர் கராட்டினியும் வந்தார். டேவிஸ் மீது அணிக்கு ஒரே ஒரு ஆண்டுதான் கட்டுப்பாடு மிச்சம் இருந்தது. அவர் பங்கு சின்னது. சோட்டோ டிரேடில் கிரிஷமின் பங்கு அதை விடச் சின்னது, கிங் வந்ததே சோட்டோவுக்காகத்தான். முதலில் பங்கைப் பிரியுங்கள், பிறகு பெருக்குங்கள்.

பொறுக்கி எடுக்காத சங்கிலி ஒன்று தருகிறேன். கிம்ப்ரலை பாஸ்டனுக்குக் கொடுத்து மானுவேல் மார்கோட் உட்பட நாலு பேர் வந்தார்கள். மார்கோட் போய் எமிலியோ பகான். பகான் (கிறிஸ் பேடக்கோடு சேர்ந்து) மினசோட்டாவுக்குப் போய் டெய்லர் ராஜர்ஸ். ராஜர்ஸ் போன பொதியில் ஜாஷ் ஹேடர். ஹேடர் 2023 முடிந்ததும் விலகினார். பாட்ரேஸ் அந்த ஆண்டு சொகுசு வரி வரம்பை (மொத்தச் சம்பளம் இதைத் தாண்டினால் அணி வரி கட்ட வேண்டும்) தாண்டியிருந்ததால் ஈடாகக் கிடைத்த இடம் நாலாவது சுற்றுக்குப் பிறகுதான். ப்ளேக் ஸ்னெல் சை யங் விருது (சிறந்த பிட்ச்சருக்கானது) வாங்கிவிட்டுப் போனபோதும் அதே கதி. ஒவ்வொரு கைமாற்றத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டே போன சொத்து இது.

மேல்வரிசை_இருக்கை:
பங்குப் பிரிவினையை ஒப்புக்கொள்கிறேன், லாவர் சங்கிலியை நான் அகலமாகத்தான் எழுதிவிட்டேன். ஆனால் 2014-ஐ மதிப்பிடும்போது அன்றைக்குத் தெரிந்ததை வைத்துத்தான் மதிப்பிட வேண்டும். ஃப்ரீட் அப்போது டாமி ஜான் அறுவை சிகிச்சை (முழங்கைத் தசைநாருக்குச் செய்வது) முடிந்து நாலு மாதம்தான் ஆன பிட்ச்சர், அதாவது பந்து வீசுபவர்.

டிராஃப்டுக்கு வருவோம். அங்கே இடத்துக்கு ஏற்ற எதிர்பார்ப்பை வைத்து அளக்க வேண்டும். அதே இடத்தில் 10, 15 ஆண்டு எடுக்கப்பட்டவர்களின் வாழ்நாள் வாரை வரிசைப்படுத்தி நடுவில் நிற்கும் எண்ணை எடுங்கள். சராசரி எடுத்தால் ஏமாந்துபோவீர்கள்: 25-ஆம் இடத்தில் 2009-இல் மைக் ட்ரவுட் போனார், அவர் ஒருவரே சராசரியை மேலே இழுத்துவிடுவார். இந்த அளவுகோலில் 2021 டிராஃப்டைப் பாருங்கள். 27-இல் ஜாக்சன் மெரில். 62-இல் ஜேம்ஸ் வுட்: ஸ்ட்ரைக்அவுட் அதிகம் என்று மற்ற அணிகள் தயங்கின, இவர்கள் அந்த இடத்துக்கான தொகையை விடக் கூட்டி 26 லட்சம் டாலர் கொடுத்து ஒப்பந்தம் போட்டார்கள். அந்தப் பணத்தை மற்ற சுற்றுகளில் மிச்சம் பிடித்தாக வேண்டும். போனஸ் தொகுப்பை (டிராஃப்டில் எடுத்தவர்களுக்குத் தர அணிக்கு ஒதுக்கிய மொத்தத் தொகை) 5 சதவீதத்துக்கு மேல் தாண்டினால் அடுத்த ஆண்டின் முதல் சுற்றுத் தேர்வே பறிபோகும்.

மெரில் ஷார்ட்ஸ்டாப்பாக (உள்களத் தடுப்பாளர்) வளர்ந்தவர். 2024-இல் சென்டர் ஃபீல்டுக்கு (வெளிக்களத்தின் நடு) மாற்றி நேராக மேஜர் லீகில் இறக்கினார்கள். அந்த ஆண்டு ரூக்கி (புதுமுக வீரர்) விருதில் பால் ஸ்கீன்ஸுக்கு அடுத்த இடம்.

கணக்குப்பிள்ளை:
மெரில் அருமையான தேர்வு, மறுக்கவில்லை. ஆனால் 2022-இல் 15-ஆம் இடத்தில் டிலன் லெஸ்கோ: டிராஃப்டுக்கு முன்பே டாமி ஜான் ஆனவர். 2 ஆண்டில் ஜேசன் ஆடம் டிரேடில் டாம்பா போய்விட்டார். டிராஃப்டில் நல்லவர்களைக் கண்டுபிடிப்பது ஒரு திறமை, யாரை வைத்துக்கொள்வது என்று தெரிவது இன்னொன்று. இரண்டாவதில்தான் என் குறை. எமானுவேல் க்ளாஸே 2018-இல் டெக்சஸுக்குப் போனது ஒரு மாற்று கேட்ச்சருக்கு ஈடாக. டேவிட் பெட்னார் ஜோ மஸ்க்ரோவ் டிரேடில் பிட்ஸ்பர்க் போனார். 2020 ஆகஸ்டில் ஆஸ்டின் நோலாவுக்காக டை ஃப்ரான்ஸும் ஆண்ட்ரெஸ் முன்யோஸும் போனார்கள். ஃப்ரான்ஸ் 34-ஆம் சுற்றில் எடுத்து வளர்த்தவர், 2022 ஆல் ஸ்டார். முன்யோஸ் 2024 ஆல் ஸ்டார். மறுநாளே மைக் க்ளெவிஞ்சருக்காக ஆறு பேர். அந்த ஆண்டு வழக்கமான சீசனில் பாட்ரேஸுக்காக அவர் 4 ஆட்டம்தான் தொடங்கினார், நவம்பரில் டாமி ஜான், 2021 முழுக்க இல்லை.

முன்யோஸும் அப்போது அறுவை சிகிச்சை முடிந்தவர்தான். ஃப்ரீட் விஷயத்தில் நீங்கள் சொன்ன காரணமே இங்கே எனக்குச் சாதகமாகத் திரும்புகிறது: காயத்தில் இருக்கும் பிட்ச்சரின் விலை தாழ்ந்திருக்கும் நேரம் பார்த்து இவர் திரும்பத் திரும்ப விற்கிறார்.

வலதுகளம்:
அந்தக் கடைசி வரி கனமானது. இதற்கு மேல்வரிசை பதில் சொல்ல வேண்டும்.

மேல்வரிசை_இருக்கை:
சொல்கிறேன். ஃப்ரீட், முன்யோஸ் இரண்டிலும் அது நடந்தது, உண்மை. இரண்டிலும் ப்ரெல்லர் அந்த ஆண்டே ஜெயிக்க வேண்டும் என்ற அவசரத்தில் இருந்தார். 2020-இல் அந்த அவசரத்துக்கு நியாயம் இருந்தது, அணி 37 வெற்றி, 23 தோல்வி. 2014-இல் இல்லை, அந்த அணிக்கு அடித்தளமே கிடையாது. 2014-ஐ நான் காப்பாற்றப் போவதில்லை. ஆனால் டர்னரையும் ஃப்ரீடையும் எடுத்தவர் முந்தைய மேனேஜர் ஜாஷ் பைர்ன்ஸ். அவர்கள் போனதை ப்ரெல்லரின் டிரேடு பக்கத்தில் எழுதுங்கள், டிராஃப்ட் பக்கத்தில் எழுதாதீர்கள்.

கணக்குப்பிள்ளை:
அப்படியே எழுதியிருக்கிறேன். மூன்றாவது பக்கம் ஒப்பந்தங்கள். எரிக் ஹாஸ்மர், 2018, 8 ஆண்டு, 14.4 கோடி. 2022-இல் பாஸ்டனுக்கு அனுப்பியபோது மிச்சச் சம்பளத்தில் பெரும்பகுதியைத் தானே சுமந்தது பாட்ரேஸ். 2025 வரை அந்தச் சுமை இருந்தது. சாண்டர் போகார்ட்ஸ், 11 ஆண்டு, 28 கோடி, 2033-இல்தான் முடியும். அவர் குவாலிஃபையிங் ஆஃபரை மறுத்தவர், பாட்ரேஸ் சொகுசு வரி கட்டிய அணி. அதனால் சம்பளத்துக்கு மேலே 2023 டிராஃப்டில் இரண்டாவது, ஐந்தாவது உயர்ந்த தேர்வுகளும், வெளிநாட்டு ஒப்பந்தத் தொகுப்பில் 10 லட்சம் டாலரும் போயின. 2023-இல் வரம்பை 4 கோடிக்கு மேல் தாண்டியதால் 2024-இன் முதல் தேர்வு 15-லிருந்து 25-க்கு இறங்கியது. ஒப்பந்தத் தொகையோடு இவற்றையும் கூட்டாமல் யாரும் கணக்கை முடிக்கக் கூடாது.

மேல்வரிசை_இருக்கை:
கூட்டுங்கள். ஆனால் யார் பெயரில்? உரிமையாளர் பீட்டர் சீட்லர் உயிரோடு இருந்தவரை சம்பளப் பட்டியலைத் திறந்துவிட்டார். 2023 நவம்பரில் அவர் இறந்தார், அடுத்த மாதமே சோட்டோ போனார். சம்பளத்தைக் குறைத்த அதே குளிர்காலத்தில் கிங் வந்தார். கூடவே வந்த ட்ரூ தார்ப்பை மார்ச்சில் திருப்பி விற்று டிலன் சீஸ் வந்தார். 2024-இல் 93 வெற்றி. கையில் பணம் இறுகும்போது ஒரு மேனேஜர் என்ன செய்கிறார் என்பதுதான் எனக்குச் சரியான சோதனை.

2023-இன் 82-80-ஐயும் அவர் தலையில் முழுசாக வைக்காதீர்கள். ரன் வித்தியாசம் +104, அந்த அளவுக்கு 90 வெற்றி தாண்டியிருக்க வேண்டும். ஒரே ரன் வித்தியாசத்தில் முடிந்த ஆட்டங்களில் 9-23, கூடுதல் இன்னிங்ஸில் 2-12.

வலதுகளம்:
ரன் வித்தியாசத்தை எண்ணுவது நியாயம். ஒரு ரன் ஆட்டங்களில் பாதி துரதிர்ஷ்டம் என்றால் மீதி புல்பென் (இடையில் இறங்கும் பிட்ச்சர்கள்), பெஞ்ச். அவையும் மேனேஜர் கட்டுவதுதான்.

எனக்கு இப்போது முக்கியம் 2025 ஜூலை 31. மேசன் மில்லர், ஜே.பி. சியர்ஸ் வந்தார்கள். லியோ டி வ்ரீஸும் மூன்று பிட்ச்சர்களும் ஏ'ஸ் (அத்லெட்டிக்ஸ்) அணிக்குப் போனார்கள். மில்லரின் கட்டுப்பாடு 2029 வரை. அதனால் இதை அப்டன், க்ளெவிஞ்சர் வகையில் சேர்க்க முடியாது. ஆனால் மில்லர் ஒரு க்ளோசர் (ஆட்டத்தை முடித்துவைக்கக் கடைசியில் இறங்கும் பிட்ச்சர்), ஒரு சீசனில் வீசுவது 60, 70 இன்னிங்ஸ். டி வ்ரீஸ் அப்போது 18 வயது ஷார்ட்ஸ்டாப், நன்றாக வந்தால் ஆண்டுக்கு 150 ஆட்டம். மில்லர் பத்தியில் 2025 அக்டோபரை எழுதலாம்: வைல்டு கார்டு சுற்றில் (பிளேஆஃபின் முதல் சுற்று) கப்ஸிடம் 2-1 என்று தோல்வி. டி வ்ரீஸ் பத்தி இன்னும் வெறுமையாக இருக்கிறது.

கணக்குப்பிள்ளை:
அந்தப் பத்தியில் எண் விழத் தொடங்கும்போது இதே இழைக்கு வருகிறேன். அதுவரை என் தாளில் 2020 ஆகஸ்டுதான் இவரின் மிக மோசமான வாரம். டாட்டிஸ் வந்த டிரேடு மிகச் சிறந்தது, அதை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்.