முத்திரை இல்லாத பழைய புரோச், கிளிப் தோடு, வளையல்: எந்தக் காலத்தவை?

தெக்காவாசி:
பழைய சாமான் கடையில் மொத்தமாக எடுத்த டப்பா. 10 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லூப் (கைக்கண்ணாடி) வைத்துப் பார்த்தும் எதிலும் பெயரோ முத்திரையோ இல்லை. ஒரு புரோச் (உடையில் குத்தும் ஊசி நகை): வெள்ளை உலோகம், வானவில் போல மினுக்கும் கற்கள், ஊசியைப் பூட்ட உருளும் கொக்கி, ஒரு மூலையில் பச்சை. கிளிப் தோடு ஒரு ஜோடி. வெண்ணெய் மஞ்சளில் லேசான வளையல் ஒன்று. எல்லாம் 1920 என்கிறார் கடைக்காரர். நம்பலாமா?

கல்பார்ப்பவன்:
புரோச் நிச்சயம் 1920 இல்லை. அந்த மினுக்கு கல்லின் சொந்த நிறமல்ல, கண்ணாடிமேல் ஏற்றிய மெல்லிய உலோகப் பூச்சு. அரோரா போரியாலிஸ் என்பார்கள். ஸ்வரோவ்ஸ்கி என்ற ஆஸ்திரியக் கண்ணாடிக்கல் நிறுவனம் 1950களின் நடுவில் கொண்டுவந்தது. ஒரு கல் மட்டும் மினுக்கினால் பின்னால் மாற்றியதாக இருக்கலாம். எல்லாமே மினுக்கினால் 1955க்கு முன்னால் போக வழியில்லை. நகையில் பிறகு மாற்றாத பாகங்களில் ஆகப் புதியது எதுவோ, அதுதான் கணக்கு.

கொக்கியை மட்டும் நம்பாதீர்கள். பூட்டில்லாத 'சி' வடிவக் கொக்கியும் விளிம்பைத் தாண்டி நீளும் ஊசியும் சேர்ந்திருந்தால் பழசு, 1900க்குச் சற்று முன்பின். ஆனால் மலிவு நகைகளில் அதே கொக்கி பிறகும் வந்தது. உருளும் பூட்டு 1910க்குப் பிறகு வந்து மெல்லப் பரவியது. கொக்கியின் அடியையும் லூப்பில் பாருங்கள். பற்றவைப்பு மற்ற இடங்களைப் போலச் சீராக இருந்தால் அசல். சாம்பல் நிறத்தில் ஈயக் கட்டி போலவோ, பசையாகவோ இருந்தால் மாற்றியது. அதை வைத்துக் காலம் சொல்லக்கூடாது.

சிராங்கூன்_அக்கா:
தோட்டுக்கு: காது குத்தாதவர்களுக்கான மேல்நாட்டுத் திருகு வகை முதலில் வந்தது, கிளிப் 1930களில். அதனால் கிளிப்பும் 1920 ஆகாது. இந்தத் திருகு மடலை இறுக்கிப் பிடிப்பது, நம் திருகாணி இல்லை. நம் ஊர் கவரிங் தோட்டுக்கு இந்தக் கணக்கைப் போட்டால் தப்பாகிவிடும்.

வளையலை வெந்நீர்க் குழாயில் அரை நிமிடம் காட்டி உடனே முகர்ந்து பாருங்கள். மூக்கைக் குத்தும் ஃபார்மலின் நெடி வந்தால் பேக்கலைட், கற்பூர வாசம் வந்தால் செல்லுலாய்டு; இரண்டும் பழைய பிளாஸ்டிக் வகைகள். சூடான ஊசியால் குத்தும் சோதனை மட்டும் வேண்டவே வேண்டாம். செல்லுலாய்டு குப்பென்று பற்றிக்கொள்ளும்.

களிம்புதுடைப்பவர்:
அந்தப் பச்சை செம்புக் களிம்பு. நம் ஈரக்காற்றில் நிற்காது, பரவும். காது குடையும் பஞ்சை வினிகரில் தொட்டு, பிழிந்து, பச்சை உள்ள இடத்தில் மட்டும் ஒற்றுங்கள். பல்குச்சியால் மெதுவாகச் சுரண்டி, காய்ச்சி வடித்த நீர் தொட்ட பஞ்சால் துடைத்து, ஹேர் டிரையரின் குளிர்காற்றில் காயவிடுங்கள். நகையை முக்கவே கூடாது. கல்லின் பின்னால் உள்ள வெள்ளிப் பூச்சுக்குள் தண்ணீர் போனால் கல் கருத்துவிடும், திரும்ப வராது. பிறகு ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு ஜிப் பையில், மற்றவற்றிலிருந்து தனியாக.

தெக்காவாசி:
நன்றி. புரோச்சில் எல்லாக் கல்லும் மினுக்குகிறது, பற்றவைப்பும் சீர். வளையலில் லேசான கற்பூர வாசம். அதையும் ஜிப் பையில் போடலாமா?

சிராங்கூன்_அக்கா:
கூடாது தம்பி. செல்லுலாய்டு பழசாக ஆக அமில ஆவி விடும். பையில் அடைத்தால் அது தன்னையே தின்னும், பக்கத்து உலோகத்தையும் அரிக்கும். அமிலமில்லாத தாளில் சுற்றி, காற்றுப் போகும் பெட்டியில், வெயிலும் விளக்குச் சூடும் படாமல் வையுங்கள். செல்லுலாய்டு நகை 1930கள் வரை ஏராளமாக வந்தது. கடைக்காரர் சொன்ன 1920 இந்த ஒன்றுக்கு மட்டும் பொருந்தலாம்.